சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி: கேஷுவாலிட்டியில் நோயாளி பாதுகாப்பு மனப்பான்மை என்றால் என்ன?

இன்சுலின் சிரிஞ்சில் இரண்டு வகை உண்டு. சிவப்பு மூடி போட்டது, ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கும் மருந்துக்கு. ஆரஞ்சு மூடி போட்டது, ஒரு மில்லியில் 100 யூனிட் இருக்கும் மருந்துக்கு. மருந்துக் குப்பியும் அதேபோல இரண்டு வகை. நம் நாட்டில் இரண்டுமே புழக்கத்தில் இருக்கின்றன. 100 யூனிட் குப்பியில் சிவப்பு மூடி சிரிஞ்சைக் குத்தி, 10 என்று போட்ட கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது கால் மில்லி. அதில் இருப்பது 25 யூனிட். பத்து போடச் சொன்ன இடத்தில் இருபத்தைந்து போய்விடுகிறது. மாற்றி, 40 யூனிட் குப்பியை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10 வரை இழுத்தால் 4 யூனிட்தான் போகும், சர்க்கரை இறங்காது.

இப்போது சேலத்தில் ஒரு கேஷுவாலிட்டியை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். இரவு இரண்டரை மணி. ஆத்தூர் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், சர்க்கரை 480, மூச்சு வாங்குகிறது. வழக்கமான குப்பி தீர்ந்துபோனதால் மகன் வெளிக்கடையில் வாங்கி வந்து கொடுக்கிறார். அது 100 யூனிட் குப்பி. நான்கு நோயாளிகளை ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்கும் ஸ்டாஃப் நர்ஸ், தினமும் எடுக்கும் தட்டிலிருந்து சிவப்பு மூடியை எடுக்கிறார். பக்கத்தில் நிற்கும் பயிற்சி மாணவிக்கு ஏதோ நெருடுகிறது. அவள் பத்தொன்பது வயதுப் பெண். அந்த சிஸ்டருக்கு இருபது வருட அனுபவம்.

அவள் வாய் திறப்பாளா?

நோயாளி பாதுகாப்பு மனப்பான்மை என்று புத்தகங்கள் சொல்வது இந்த இரண்டு மூன்று நொடிகளில் நடப்பதைத்தான். அவளுக்கு விஷயம் தெரியும், பாடத்தில் படித்திருக்கிறாள். ஆனால், "இங்கே கேட்டால் என்ன நடக்கும்" என்று அவள் மனதில் ஏற்கெனவே ஒரு கணக்கு ஓடுகிறது. போன வாரம் கேட்ட இன்னொரு மாணவிக்கு என்ன நடந்தது என்பது அந்தக் கணக்கில் இருக்கிறது. கேட்டது சரியோ தப்போ, "நல்லவேளை கேட்ட" என்று யாராவது சொல்லியிருந்தால் இவள் வாய் திறப்பாள். "எனக்கே பாடம் எடுக்க வந்துட்டியா" என்று சொல்லியிருந்தால் திறக்கமாட்டாள். ஒருவருடைய மனப்பான்மையைப் பெரும்பாலும் அடுத்தவர்தான் செய்துவைக்கிறார். இந்தத் துறையில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இது.

மூன்று சொற்கள்

மனப்பான்மை, சூழல், பண்பாடு என்று மூன்று சொற்களை மாற்றி மாற்றிப் போட்டு எழுதுவார்கள். வித்தியாசம் எளிது. தனி ஒருவர் பாதுகாப்பைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது மனப்பான்மை. அந்தப் பிரிவில் வேலை செய்யும் எல்லோருடைய எண்ணத்தையும் சேர்த்து இன்றைக்கு அளந்தால் கிடைப்பது பாதுகாப்புச் சூழல். ஆண்டுக்கணக்கில் அங்கே ஊறிப்போன வழக்கம் பாதுகாப்புப் பண்பாடு. தெர்மாமீட்டர் காட்டும் காய்ச்சல் மாதிரி சூழல். உடம்பு வாகு மாதிரி பண்பாடு. கேள்வித்தாளால் அளக்க முடிவது காய்ச்சலை மட்டும்தான்.

பாதுகாப்புப் பண்பாடு என்ற சொல்லே 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்த பிறகு, அதை ஆராய்ந்தவர்கள் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. மருத்துவத்துக்குள் அது வேகமாக நுழைந்ததற்குக் காரணம் 1999இல் அமெரிக்காவில் வந்த ஓர் அறிக்கை. தடுத்திருக்கக்கூடிய மருத்துவப் பிழைகளால் அந்நாட்டு மருத்துவமனைகளில் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கிறார்கள் என்று அது மதிப்பிட்டது. இந்தியாவும் 2018இல் நோயாளி பாதுகாப்புக்கென தேசியச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. 2019 முதல் செப்டம்பர் 17 உலக நோயாளி பாதுகாப்பு தினம்.

உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் தந்த விளக்கத்தை நம் ஊர்ப் பொருளில் சொல்லலாம். நாலைந்து சல்லடைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, முன்னாலிருந்து டார்ச் அடியுங்கள். ஒரு சல்லடையின் ஓட்டை வழியாக வரும் வெளிச்சத்தை அடுத்த சல்லடையின் கம்பி மறித்துவிடும். எல்லா ஓட்டையும் ஒரே நேர்கோட்டில் வந்தால்தான் வெளிச்சம் கடைசிவரை பாயும். விபத்தும் அப்படித்தான். வழக்கமான குப்பி தீர்ந்தது ஓர் ஓட்டை. கடையில் எந்த அளவு என்று கேட்காமல் கொடுத்தது இன்னோர் ஓட்டை. தட்டில் ஒரே வகை சிரிஞ்சு இருந்தது, நான்கு நோயாளிக்கு ஒரு நர்ஸ், நடுஇரவு. கடைசிச் சல்லடை அந்த மாணவி. அவளைப் பேசவிடாத இடத்தில் அந்தச் சல்லடையே இல்லை என்று ஆகிவிடுகிறது.

ஏன் அவசரப் பிரிவுக்குத் தனியாக ஒரு பேச்சு?

வார்டில் நோயாளியைப் பற்றி ஒரு கேஸ் ஷீட் இருக்கும். கேஷுவாலிட்டிக்கு வருகிறவர் சில சமயம் பெயரே சொல்லும் நிலையில் இருக்கமாட்டார். பெங்களூரு, கொச்சி, உளுந்தூர்பேட்டை என்று மூன்று திசை நெடுஞ்சாலைகள் சேலத்தில் வந்து சேர்கின்றன. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. தொப்பூர் கணவாயில் லாரி விபத்து என்றால் ஒரே நேரத்தில் பலர் வருவார்கள். இன்னொரு பக்கம் பாம்புக்கடி, பூச்சிமருந்து, அரளிக்கொட்டை, நெஞ்சுவலி. தமிழ்நாட்டு அரசு அவசரப் பிரிவுகளில் இப்போது சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து, உயிருக்கு ஆபத்தானவரை முதலில் பார்க்கிறார்கள். அந்தப் பிரிப்பைச் செய்கிறவருக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு நிமிடம்.

கூட்டத்தைவிட மோசமானது குறுக்கீடு. மருந்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது தோளைத் தட்டி, "சிஸ்டர், எங்கப்பாவுக்கு டிரிப்ஸ் முடிஞ்சிடுச்சுங்க" என்பார்கள். திரும்பி வரும்போது கணக்கில் எந்த இடத்தில் விட்டோம் என்பது போயிருக்கும். போலீசுக்கான விபத்துப் பதிவேடு, ரத்த வங்கிச் சீட்டு, போன் எல்லாம் அதே ஆள் கையில். இதோடு, குணமானதா இல்லையா என்ற செய்தி கேஷுவாலிட்டிக்குத் திரும்பி வருவதே இல்லை. நோயாளி மேல் வார்டுக்குப் போன பிறகு, இரண்டு மணி நேரம் கழித்து சர்க்கரை 38க்கு இறங்கி வலிப்பு வந்தாலும், ஊசி போட்டவருக்குத் தெரியாது. தன் கையில் பிழையே நடப்பதில்லை என்று நேர்மையாகவே நம்பிக்கொண்டிருப்பார். பாதுகாப்பு பற்றிய எண்ணம் மழுங்குவதற்கு இந்தச் செய்தி அறுபடல் பெரிய காரணம். இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

தப்பு வேறு, கைப்பிசகு வேறு

தமிழில் இந்த வித்தியாசம் ஏற்கெனவே இருக்கிறது. "கை தவறி விழுந்துடுச்சு" என்றால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. "தப்பு பண்ணிட்டான்" என்றால் கதை வேறு. ஆனால் ஆஸ்பத்திரிக்குள் எல்லாமே ஒரே சொல்லுக்குள் அடைபடுகிறது: தப்பு. மெமோ, விளக்கம் கேட்டல், கடிதம் எழுதி வாங்குதல். அதனால் எல்லோரும் எல்லாவற்றையும் மறைக்கிறார்கள்.

நியாயமான பண்பாடு என்று அழைக்கப்படும் அணுகுமுறை இதை மூன்றாகப் பிரிக்கிறது. முதலாவது கைப்பிசகு. சிரிஞ்சு மாறியது இந்த வகை. அந்த நர்ஸுக்கு வேண்டியது ஆறுதல். மாற்ற வேண்டியது தட்டை.

இரண்டாவது, பழகிப்போன குறுக்குவழி. இதுதான் உண்மையில் அதிகம். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். பாம்புக்கடிக்கு ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் சோதனை: சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி புது ரத்தம் எடுத்து, 20 நிமிடம் ஆட்டாமல் நிறுத்திவைத்து, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விரியன் வகை விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். கூட்டம் அதிகமான ஒரு நாளில் ஒருவர் 12 நிமிடத்தில் சாய்த்துப் பார்க்கிறார். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அடுத்த நாளும் அப்படியே. மூன்று மாதத்தில் அந்தப் பிரிவின் வழக்கமே 12 நிமிடம் என்றாகிவிடும். புதிதாக வரும் ஹவுஸ் சர்ஜன் அதையே சரியான முறை என்று கற்றுக்கொள்வார். ஒரு நாள், இன்னும் உறைய நேரமே கொடுக்காத ரத்தத்தைப் பார்த்து, தேவையில்லாதவருக்கு விஷமுறிவு மருந்து ஏறும். அந்த மருந்துக்கே கடுமையான ஒவ்வாமை வரலாம். சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயிலும், பிளாஸ்டிக் குழாயிலும் இதே கோளாறு நடக்கும்: நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கலாம். இப்படிப்பட்ட குறுக்குவழியைத் திட்டி நிறுத்த முடியாது. ஏன் 12 நிமிடத்தில் பார்க்கத் தோன்றியது என்று கேட்க வேண்டும். குழாய் பக்கத்தில் கடிகாரம் இல்லை, யார் பார்ப்பது என்று பெயர் குறிக்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் பதிலாக வரும். பிளாஸ்டர் துண்டில் நேரத்தை எழுதிக் குழாயில் ஒட்டினால் பாதிப் பிரச்சினை தீரும்.

மூன்றாவது, தெரிந்தே துணிவது. குடித்துவிட்டு டியூட்டிக்கு வருவது, நடந்ததற்குப் பிறகு கேஸ் ஷீட்டைத் திருத்துவது. இதற்கு ஒழுங்கு நடவடிக்கைதான். மூன்றையும் ஒரே தராசில் நிறுத்தும் நிர்வாகத்தில் யாரும் உண்மை பேசமாட்டார்கள்.

இதை எப்படி அளப்பது?

உலகில் அதிகம் பயன்படும் கருவிகளில் ஒன்று, பிரையன் செக்ஸ்டனும் உடன் ஆய்வாளர்களும் உருவாக்கி 2006இல் விரிவாக வெளியிட்ட பாதுகாப்பு மனப்பான்மைக் கேள்வித்தாள். அதன் வேர் விமானத்துறையில் இருக்கிறது. 1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் தீவில் இரண்டு பெரிய விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். ஓடுபாதையில் அடுத்த விமானம் இன்னும் நிற்கிறதோ என்று விமானப் பொறியாளர் சந்தேகம் கேட்டார். கேப்டன் உறுதியாகப் பதில் சொன்னார். அதற்கு மேல் யாரும் வற்புறுத்தவில்லை. அந்த மாதிரி விபத்துகளுக்குப் பிறகு விமானிகளின் மனப்பான்மையை அளக்க உருவான கேள்விகளே பின்னால் மருத்துவமனைக்கு வந்தன.

சுருக்க வடிவத்தில் 36 கேள்விகள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிக்கலாம். ஆறு பகுதிகள்: கூட்டாக வேலை செய்யும் சூழல், பாதுகாப்புச் சூழல், வேலையில் நிறைவு, மன அழுத்தத்தை உணர்தல், நிர்வாகத்தைப் பற்றிய கருத்து, வேலை நிலைமை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'சிறிதும் ஒப்பவில்லை' முதல் 'முழுக்க ஒப்புகிறேன்' வரை 1 முதல் 5.

மதிப்பெண் போடுவது இப்படி. கூட்டு வேலைப் பகுதியில் ஆறு வாக்கியம். ஒரு நர்ஸ் 4, 4, 4, 3, 5, 4 என்று குறித்ததாக வைத்துக்கொள்வோம். இதில் இரண்டாவது வாக்கியம் எதிர்மறையானது: 'நோயாளி கவனிப்பில் ஒரு பிரச்சினை தெரிந்தால் இங்கே வெளிப்படையாகச் சொல்வது கடினம்.' அதை 6இலிருந்து கழித்துத் திருப்ப வேண்டும். 4 என்பது 2 ஆகும். இப்போது கூட்டுத்தொகை 22, சராசரி 3.67. அதில் 1 கழித்து 25ஆல் பெருக்கினால் 66.7. நூற்றுக்கு 75ஐ எட்டினால்தான் அந்தப் பகுதியில் நல்ல மனப்பான்மை என்று எடுத்துக்கொள்வார்கள். இவர் எட்டவில்லை. எதிர்மறை வாக்கியத்தைத் திருப்ப மறந்திருந்தால் 24, சராசரி 4, மதிப்பெண் சரியாக 75 என்று வந்து எல்லாம் நன்றாக இருப்பதாகக் காட்டியிருக்கும். முதல் முறை கணக்குப் போடுகிறவர்கள் சறுக்கும் இடம் இதுதான்.

பிரிவின் மொத்தச் சராசரியை மட்டும் பார்த்து நிறுத்திக்கொள்ளக் கூடாது. டாக்டர்கள், நர்ஸுகள், பல்நோக்குப் பணியாளர்கள் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் எடுத்து 2003இல் வெளியான ஆய்வில், நர்ஸுகளோடு தங்கள் ஒத்துழைப்பு நன்றாக இருக்கிறது என்று 73 சதவீத டாக்டர்கள் சொன்னார்கள். டாக்டர்களோடு ஒத்துழைப்பு நன்றாக இருக்கிறது என்று சொன்ன நர்ஸுகள் 33 சதவீதம். ஒரே அறை, ஒரே நோயாளி. மேலே இருப்பவருக்குக் காற்று நன்றாகத்தான் வீசும். புழுக்கம் கீழே இருப்பவருக்குத்தான் தெரியும்.

மன அழுத்தம் பற்றிய பகுதியை மட்டும் தனியாகப் படிக்க வேண்டும். 'களைப்பாக இருந்தால் என் வேலைத் திறன் குறையும்' என்பதை ஒப்புக்கொள்கிறவருக்கு அங்கே அதிக மதிப்பெண். அழுத்தம் அதிகம் என்று அதற்குப் பொருள் இல்லை. அழுத்தம் தன்னைப் பாதிக்கும் என்று தெரிந்துவைத்திருக்கிறார் என்று பொருள். 2000இல் வந்த ஒப்பீட்டில், களைப்பாக இருந்தாலும் நெருக்கடி நேரத்தில் நன்றாகவே செயல்படுவேன் என்று சொன்னவர்கள் மூத்த அறுவை மருத்துவர்களில் 70 சதவீதம், விமானிகளில் 26 சதவீதம். 24 மணி நேர டியூட்டி முடித்துவிட்டு 'எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்பது நம் ஊரிலும் வீரமாகத்தான் பார்க்கப்படுகிறது. ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் மங்குவது அந்த நேரத்தில்தான்.

கேள்வித்தாளை எடுக்கும் முறையில் கெட்டுப்போகும் இடங்கள் சில. கண்காணிப்பாளரே கொடுத்து அவரே திரும்ப வாங்கினால் எல்லோரும் 5 போடுவார்கள். பூட்டிய பெட்டி வையுங்கள். திறப்பவர் அந்தப் பிரிவைச் சேராதவராக இருக்கட்டும். வயது, பதவி, பாலினம், அனுபவம் எல்லாவற்றையும் கேட்டால் பன்னிரண்டு பேர் உள்ள மலை ஆஸ்பத்திரியில் பெயர் எழுதாமலே ஆள் தெரிந்துவிடும். ஐந்து பேருக்குக் குறைவான குழுவின் முடிவைத் தனியாக வெளியிடாதீர்கள். சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவரை இம்முறை விட்டுவிடலாம். பத்துக்கு ஆறு பேராவது நிரப்பவில்லை என்றால் அந்த மௌனமே ஒரு பதில். எண்ணை நம்ப வேண்டாம்.

மொழிபெயர்ப்பில் கண் வைக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 'இங்கே தவறுகள் சரியான முறையில் கையாளப்படுகின்றன' என்று எழுதினால், படிக்கிறவர் மனதில் வருவது தண்டனை. 'மருத்துவப் பிழைகள்' அல்லது 'கைப்பிசகுகள்' என்று போட்டால் வேறு பதில் வருகிறது. படிவத்தை அச்சடிக்கும் முன்பு, நான்கு பேரிடம் கொடுத்து, 'இந்த வாக்கியம் என்ன கேட்கிறது, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்' என்று கேட்டுப் பாருங்கள். வார்டு பணியாளர்களுக்குப் பேச்சுத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும்.

மலையிலிருந்து ஒரு நோயாளி இறங்குகிறார்

மனப்பான்மை சரியாக இருந்தால் கையும் வாயும் எப்படி வேலை செய்யும் என்பதை ஒரு கேஸில் காட்டலாம். ஏற்காட்டுப் பக்கம் காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில் ஏறி மிளகு பறிக்கும்போது ஒருவரைக் கதண்டு (பெரிய குளவி) கொட்டிவிட்டது. உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல், பிரஷர் இறங்குகிறது. பெரியவர்களுக்கு மருந்து அட்ரினலின் 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். 1 மில்லியில் 1 மில்லிகிராம் உள்ள ஆம்பியூலில் அது அரை மில்லி. இதே ஆம்பியூலை, இதயம் நின்றுபோனவருக்கு முழுசாக 1 மில்லிகிராம், ரத்தக்குழாயில், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு முறை போடுவார்கள். ஒரே மருந்து, இரண்டு அளவு, இரண்டு வழி. கதண்டு கொட்டியவருக்கு இதயம் துடித்துக்கொண்டிருக்கிறது. அவருக்கு அதை அப்படியே ரத்தக்குழாயில் தள்ளினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், உயிரே போகலாம்.

டாக்டர் பரபரப்பில், "சிஸ்டர், அட்ரினலின் பாயின்ட் ஃபைவ்" என்கிறார். வழி சொல்லவில்லை. நல்ல பிரிவில் நர்ஸ் உடனே திருப்பிச் சொல்வார்: "அட்ரினலின் அரை மில்லி, தொடையில, ஐ.எம். சரிங்களா டாக்டர்?" ஐ.எம். என்றால் தசையில், ஐ.வி. என்றால் ரத்தக்குழாயில். "சரி, போடுங்க" என்று வந்த பிறகுதான் ஊசி. போட்டதும், "போட்டாச்சுங்க, மணி 11:40" என்று சத்தமாகச் சொல்வார், இன்னொருவர் எழுதுவார். 'பாயின்ட்' காதில் விழாமல் 'ஃபைவ்' மட்டும் விழுவது சத்தமான அறையில் சாதாரணம். அதனால்தான் 'அரை மில்லி' என்று தமிழில் சொல்வது பாதுகாப்பு.

டாக்டர் நிதானமிழந்து, "ஐ.வி.யே போடுங்க" என்று சொல்லிவிட்டால்? படிப்படியாக மூன்று வாக்கியம் பழகிவைத்துக்கொள்ளலாம். முதலில்: "டாக்டர், எனக்கு ஒரு சந்தேகம்ங்க." கேட்கவில்லை என்றால்: "டாக்டர், ஐ.வி. போடறது எனக்குச் சரியாப் படலைங்க." அப்போதும் நிற்கவில்லை என்றால்: "டாக்டர், ஒரு நிமிஷம் நிறுத்துங்க, பேஷண்டுக்கு ஆபத்து." மூன்றிலும் 'ங்க' இருக்கிறது. மரியாதையைக் குறைக்காமலே நிறுத்தச் சொல்ல முடியும். இதை மாதம் ஒரு முறை, நோயாளி இல்லாத நேரத்தில், வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். மனதில் மட்டும் வைத்திருந்தால் நெருக்கடியில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். டாக்டர்கள் பழக வேண்டியது ஒரே வாக்கியம்: "நல்லது, சொன்னதுக்கு நன்றி." சொன்னது தப்பாக இருந்தாலும் இதே பதில்தான்.

அடுத்து ஆம்புலன்ஸ். ஏற்காட்டிலிருந்து சேலம் சுமார் 30 கிலோமீட்டர். இறக்கத்தில் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். 10 லிட்டர் கொள்ளளவுள்ள பி டைப் ஆக்சிஜன் சிலிண்டரில் அழுத்தமானி முள் 150இல் நின்றால் உள்ளே 1500 லிட்டர் இருக்கும். முள் 60 என்றால் 600 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் சரியாக 60 நிமிடம். பார்க்கும்போது 'பாதி கிட்ட இருக்கு, போதும்' என்று தோன்றும். மே மாதக் கோடை விழா சமயத்தில் ஒரு வளைவில் பஸ்ஸும் வேனும் எதிரெதிராக மாட்டிக்கொண்டால் அரை மணி நேரம் போய்விடும். பயண நேரத்தோடு குறைந்தது அரை மணி நேரம் கூட்டிக் கணக்குப் போட்டு, இந்தப் பயணத்துக்கு 900 லிட்டர், முள் 90க்கு மேல் இருந்தால்தான் வண்டி நகர வேண்டும். "முள் எவ்வளவு நிக்குது?" என்று டிரைவர் கேட்டால்கூட பதில் சொல்லும் இடம்தான் நல்ல இடம்.

சேலத்தில் ஒப்படைக்கும்போது சொல்ல வேண்டியது நான்கு: இப்போது என்ன நிலை, இதுவரை என்ன நடந்தது, நாங்கள் என்ன நினைக்கிறோம், உங்களிடம் என்ன வேண்டும். "35 வயசு ஆண், கதண்டு கடி, மூச்சுத் திணறல். அட்ரினலின் அரை மில்லி தொடையில ரெண்டு முறை, 11:40, 11:50. வேறு நோய் இல்லைன்னு மனைவி சொல்றாங்க. கடுமையான ஒவ்வாமைன்னு நினைக்கிறோம். மறுபடி வரலாம், கண்காணிப்பு வேணும்." அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் ஸ்ட்ரெச்சர் தள்ளுவதை நிறுத்தி, எல்லோரும் கேட்க வேண்டும். நேரத்தைச் சொல்லாமல் விட்டால் இங்கே உள்ளவர் மூன்றாவது ஊசியைப் போடுவதா வேண்டாமா என்று இருட்டில் தடவுவார். பாம்புக்கடிக்கும் இதேதான், மேலே எத்தனை குப்பி விஷமுறிவு ஏற்றினார்கள் என்பது கீழே எழுத்தில் வர வேண்டும்.

கூட வருகிறவர்கள்

நோயாளியோடு வருகிறவரையும் ஒரு சல்லடையாக எண்ணலாம். ஒரே இரவில் இரண்டு செல்வராஜ், இரண்டு லட்சுமி வருவது சேலத்தில் அதிசயம் இல்லை. பெயரோடு வயது அல்லது ஓ.பி. சீட்டு எண்ணையும் சேர்த்துத்தான் ஆளை உறுதி செய்ய வேண்டும். "நீங்கதான் செல்வராஜா?" என்று கேட்டால் மயக்கத்தில் இருப்பவர் 'ஆமா' என்றுதான் சொல்வார். "உங்க பேர் என்னங்க?" என்று கேட்க வேண்டும். வீட்டில் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை அப்படியே கையில் எடுத்து வாருங்கள். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதைக் கேட்காமலே சொல்லுங்கள். "இது என்ன மருந்துங்க?" என்று கேட்பது உங்கள் உரிமை.

அதே சமயம், கை ஓங்குவது பாதுகாப்பை அழிக்கிறது. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையைத் தடுக்க 2008 முதல் தனிச்சட்டம் இருக்கிறது. சட்டத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறு: அடி விழும் என்று பயப்படுகிற பிரிவில் ஒரு பிழை நடந்தால், அதைக் குடும்பத்திடம் ஒப்புக்கொண்டு, என்ன செய்கிறோம் என்று விளக்க யாருக்கும் துணிவு வராது.

நூலிழையில் தப்பியதை எழுதுவது

பிழை நடந்து, யாருக்கும் கெடுதல் ஆகாமல் போனால் அதை எழுதிவைப்பது மிகப் பெரிய பயன் தரும். யாருக்கும் காயம் இல்லை, யாரையும் காப்பாற்ற வேண்டியதில்லை. உண்மை எளிதாக வரும். டீ குடிக்கும் இடத்தில் ஒரு நோட்டு போதும். நான்கே விஷயம்: எப்போது, என்ன நடக்க இருந்தது, எப்படிப் பிடிபட்டது, எதை மாற்றலாம். பெயர் வேண்டாம். வாரம் ஒரு நாள் ஷிஃப்ட் மாறும்போது பத்து நிமிடம் பொறுப்பு டாக்டரும் பொறுப்பு நர்ஸும் சேர்ந்து வாசிப்பார்கள். ஏழு நாளைக்குள் பதில் அதே பக்கத்தில் எழுதப்பட வேண்டும். 'முடியாது, காரணம் இது' என்பதும் பதில்தான். பதில் வராத நோட்டு மூன்றாவது வாரத்தில் காலியாகிவிடும்.

மாற்றம் என்று எழுதும்போது 'கவனமாக இருக்க வேண்டும்' என்று எழுதினால் ஒன்றும் மாறாது. களைத்த ஆளிடம் கவனத்தைக் கேட்பது, வற்றிய கிணற்றில் வாளி விடுவதுபோல. பொருளை நகர்த்துங்கள். பொட்டாசியம் குளோரைடு 10 மில்லி ஆம்பியூலில் 20 மில்லிஈக்விவலன்ட் இருக்கிறது. கரைக்காமல் நேரே ஏற்றினால் இதயம் நின்றுவிடும். டிஸ்டில்டு வாட்டர் ஆம்பியூல் பக்கத்தில் அது இருப்பதே ஆபத்து. தனிப் பெட்டி, பூட்டு, சிவப்பு ஸ்டிக்கர், எடுக்க இருவர் கையெழுத்து.

அந்த மாணவி பேசிவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். "சிஸ்டர், குப்பியில 100னு போட்டிருக்குங்க, இது சிவப்பு மூடி." நர்ஸ் ஒரு நொடி குப்பியைத் திருப்பிப் பார்த்து, "அட ஆமா, நல்லவேளை சொன்ன" என்கிறார். நோட்டில் எழுதப்படுவது இவ்வளவுதான்: 'இரவு 2:30. 100 யூனிட் இன்சுலினை 40 சிரிஞ்சில் எடுக்க இருந்தோம். மாணவி மூடி நிறத்தைப் பார்த்துச் சொன்னார். தட்டில் ஆரஞ்சு மூடி சிரிஞ்சு இல்லை.' அதற்குக் கீழே, நான்கு நாள் கழித்து, வேறு கையெழுத்தில்: '100 யூனிட் குப்பி வந்தால் வாங்கும்போதே ஆரஞ்சு மூடி சிரிஞ்சு இரண்டோடு ரப்பர் பேண்ட் போட்டுத் தனித் தட்டில் வைக்க வேண்டும். தட்டு ஃபிரிட்ஜின் மேல் அடுக்கில். மருந்தகத்துக்குச் சொல்லியாச்சு.'